வீல்சேரும் வெள்ளைக் குச்சியும் ஒரு இஞ்ச் டேப்பும்: சென்னைப் பயணம்

வியாழன், ரயில்ல இருந்து

சென்னையில சொந்தக்காரப் பொண்ணுக்குக் கல்யாணம், திங்கக்கிழமை முகூர்த்தம். அதைச் சாக்கா வச்சு முன்னாடியே கிளம்பிட்டோம். நான், எங்க தெரு டீச்சர், என் தம்பி. நான் வீல்சேர்ல இருக்கேன், முதுகுத்தண்டு அடிபட்டதுல இருந்து. டீச்சருக்குப் பார்வை கிடையாது, பிறவியிலேயே, அரசுப் பள்ளிக்கூடத்துல சோஷியல் எடுக்காங்க. தம்பி கொத்தனார், இப்ப சொந்தமா சின்னச் சின்ன கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யுதான், அவன் பாக்கெட்ல எப்பவும் ஒரு இஞ்ச் டேப் கெடக்கும். நாங்க போற இடத்துல எல்லாம் எதுல ஏற முடிஞ்சது எதுல முடியலன்னு தினமும் எழுதிப் போடச் சொன்னது டீச்சர்தான், "உனக்கு அப்புறம் போறவளுக்கு உதவும்ட்டி"ன்னாங்க. அதனால இது.

ரயில்ல எங்களுக்குன்னு தனிப் பெட்டி உண்டு, பெரும்பாலும் வண்டியோட ஒரு கோடியில இருக்கும். உள்ள நல்லாத்தான் இருக்கு, கதவு அகலம், டாய்லெட் அகலம், வீல்சேரை நிறுத்த இடம் இருக்கு. டிக்கெட்ல ஸ்லீப்பருக்கும் தேர்ட் ஏசிக்கும் 75 சதவீதம் சலுகை, துணைக்கு வர்றவங்களுக்கும் அதே. ஆனா பிளாட்பாரத்துல இருந்து பெட்டிக்குள்ள போறதுக்குப் படிதான். தம்பி ஒரு பக்கம், போர்ட்டர் அண்ணன் ஒருத்தர் ஒரு பக்கம், முன்னாடி யாரோ ஒரு காலேஜ் பையன், அப்படித் தூக்கி ஏத்துனாங்க. மூணு பேரும் நல்ல மனுசங்க, ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

ஆனா தூக்குறதப் பத்தி ஒண்ணு எழுதியே ஆகணும். எங்களை யாராவது தூக்கி விட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு எல்லாரும் நெனைக்காங்க. ஒரு பொம்பளைய முன்னப் பின்ன தெரியாத ஆம்பளைங்க கக்கத்துலயும் தொடையிலயும் கை குடுத்துத் தூக்கும்போது அவ மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சுப் பாருங்க, சேலை விலகுது, யூரின் பை இழுபடுது, பிளாட்பாரமே நின்னு பாக்குது. ஒரு மடக்குப் பலகை இருந்தா இது எதுவுமே வேண்டாம். உதவி செய்யுற மனசு நம்ம ஊர்ல நெறையவே இருக்கு, அந்தப் பலகைதான் இல்ல.

டீச்சர் தூங்கிட்டாங்க. நானும் படுக்கேன்.

வெள்ளி, எழும்பூர்ல இருந்து திருவல்லிக்கேணி

இன்னிக்கு நல்ல செய்தியோட ஆரம்பிக்கேன். மெட்ரோ.

எழும்பூர்ல இறங்கி மெட்ரோ ஸ்டேஷனுக்கு லிஃப்ட்ல கீழ போனோம். கேட்ல வீல்சேர் போற அளவுக்கு ஒரு அகல வழி இருக்கு. பிளாட்பாரமும் ரயிலும் ஒரே மட்டம், நடுவுல சின்ன இடைவெளிதான், முன் சக்கரத்தை லேசாத் தூக்குனா நானாவே உள்ள போயிட்டேன். தம்பி பின்னாடி கை நீட்டிக்கிட்டே வந்தான், வேண்டாம்ல விடுன்னுட்டேன். யாரும் தொடாம ஒரு ரயில்ல ஏறியிருக்கேன். சென்னையில மெட்ரோ ஓட ஆரம்பிச்சது 2015 ஜூன் 29, கோயம்பேடு ஆலந்தூர் வழியில. எனக்கு இது இப்பத்தான் வாய்ச்சிருக்கு. சென்ட்ரல்ல மாறி அரசினர் தோட்டத்துல இறங்கணும், சென்ட்ரல்ல மாறுறதுக்கும் லிஃப்ட்தான்.

டீச்சருக்கு வேற விதமான சந்தோஷம். லிஃப்ட் பட்டன்ல பிரெய்ல் இருக்கு, தரையில வழிகாட்டி ஓடு இருக்கு. மஞ்சக் கலர்ல கோடு கோடாவும் புள்ளி புள்ளியாவும் இருக்குமே, அதேதான். ரொம்பப் பேரு அது சறுக்காம இருக்கப் போட்டதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. கோடு இருந்தா அந்தத் திசையில நேரா போகலாம்னு அர்த்தம், புள்ளி இருந்தா நில்லு, முன்னாடி படியோ திருப்பமோ பிளாட்பார விளிம்போ இருக்குன்னு அர்த்தம். இதைக் கண்டுபிடிச்சவர் ஜப்பான்காரர், செய்இச்சி மியாகே. 1967 மார்ச் 18 அன்னிக்கு ஒகயாமா ஊர்ல ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கூடத்துப் பக்கத்து ரோட்டுல முதமுதலா பதிச்சாங்களாம், டீச்சர் இதை வகுப்புலயும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. சுரங்க ஸ்டேஷன்ல எல்லாம் பிளாட்பாரம் ஓரத்துல கண்ணாடிக் கதவு இருக்கு, ரயில் வந்தாத்தான் திறக்கும். "தண்டவாளத்துல விழுந்துருவமோங்கிற பயம் இல்லாம நிக்கேன்ட்டி"ன்னு டீச்சர் சொன்னாங்க. பார்வை உள்ளவங்க இதை ஒரு வசதின்னு நெனச்சுட்டுப் போயிருவாங்க, அவங்களுக்கு அது உயிர்.

மேல வந்ததும் சங்கதி மாறிப்போச்சு. நடைபாதையில வழிகாட்டி ஓடு போட்டுருக்காங்க, டீச்சர் குச்சியால அதைத் தடவிக்கிட்டே கொஞ்ச தூரம் போனாங்க, அந்தக் கோடு நேரா ஒரு கரண்ட் பெட்டியில போய் முட்டுது. அதைச் சுத்திப் போக வழி இல்ல. அந்தப் பக்கம் வரிசையா பைக்கு. நடைபாதையில இருந்து இறங்குற சரிவுக்கு நட்ட நடுவுல ஒரு இரும்புத் தூண், பைக்கு ஏறக் கூடாதுன்னு நட்டது, அதுல பைக்கு ஏறுது, என் வீல்சேர் ஏறல. கடைசியில ரோட்டுல இறங்கி பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுலதான் லாட்ஜ் வரைக்கும் வந்தோம்.

தம்பி அந்த ஓட்டை ரொம்ப நேரம் உத்துப் பாத்தான். "எக்கா, நாங்களும் இத ஒட்டியிருக்கோம். டிசைன்னு நெனச்சுத்தான் ஒட்டுவோம், எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லித் தரல"ன்னான். மேஸ்திரிக்கே தெரியலன்னா அது கரண்ட் பெட்டியிலதான் போய் முடியும், வேற எங்க போகும்.

லாட்ஜைப் பத்தி. போன்ல கேட்டப்ப ராம்ப் இருக்கு, வீல்சேர் தாராளமா வரும்னாங்க. ராம்ப் இருக்கு. தம்பி டேப்பை எடுத்து அளந்தான், வாசல் உசரம் ஒண்ணரை அடி, ராம்ப் நீளம் நாலடி. விதிப்படி ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும், 1:12 சரிவுன்னு சொல்லுவாங்க, அப்ப ஒண்ணரை அடிக்குப் பதினெட்டு அடி இருக்கணும். நாலடியில ஏறுனா வீல்சேர் பின்னாடி மல்லாந்துரும். தம்பி என்னைய ரிவர்ஸ்ல இழுத்து ஏத்துனான். பாத்ரூம் கதவு 24 இஞ்ச், என் வீல்சேர் 25. ஒரு இஞ்சுல உசிரு போகுது. ரிசப்ஷன் பையன் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டாந்தான், அதுக்கு மாறி, டீச்சர் ஒரு பக்கம் பிடிக்க, எப்படியோ குளிச்சாச்சு.

சனி, பஸ்ஸும் நூலகமும்

தாழ்தளப் பஸ்ல, அதாவது ஏற படி இல்லாம தரை தாழ்வா இருக்குற பஸ்ல, போகணும்னு ரொம்ப நாள் ஆசை. இன்னிக்கு அண்ணா சாலையில நின்னு பிடிச்சோம். இந்தப் பஸ்ஸுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு, எல்லாரும் தெரிஞ்சுக்கணும். அரசு புதுசா பஸ் வாங்கும்போதெல்லாம் படி வச்ச உசரமான பஸ்ஸாவே வாங்கிக்கிட்டு இருந்தது. சென்னை ரோடு சரியில்ல, மழையில தண்ணி தேங்கும், தாழ்தளம் ஒத்து வராதுன்னு சொன்னாங்க. வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் உயர்நீதிமன்றத்துக்குப் போய் விடாமப் போராடுனாங்க. அப்புறம்தான் 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி 58 தாழ்தளப் பஸ் ரோட்டுக்கு வந்துச்சு. 2025 ஜூன் 30 அன்னிக்கு வியாசர்பாடி டிப்போவுல இருந்து 120 மின்சாரப் பஸ், அதுவும் தாழ்தளம்தான். மழைக்காலமும் வந்துட்டுத்தான் போகுது, பஸ்ஸும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

பஸ் வந்து நின்னுச்சு, டிரைவர் ஒரு பட்டனை அமுக்குனாரு, பஸ் எங்க பக்கமா லேசாச் சாஞ்சு இறங்குச்சு, கண்டக்டர் இறங்கி வந்து நடுக்கதவுல மடிஞ்சு கெடந்த பலகையை வெளிய விரிச்சாரு. நான் ஏறிட்டேன். உள்ள வீல்சேருக்குன்னு இடம், பெல்ட்டு. பக்கத்துல நின்ன ஒரு பாட்டியும் அந்தப் பலகை வழியாவே ஏறி வந்தாங்க, முட்டி வலி, படி ஏற முடியாதாம், "இது நல்லாருக்கேம்மா, தெனம் இதுலயே வரலாம் போல"ன்னாங்க. அடுத்து ஒரு பொண்ணு தள்ளு வண்டியில பிள்ளையோட ஏறுச்சு. எங்களுக்காகக் கோர்ட்டு வரைக்கும் போய் வாங்குன பலகையில பாட்டியும் பிள்ளையும் ஏறி வர்றதப் பாக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த ஸ்டாப் என்னன்னு பஸ்ஸே குரல் குடுத்துச்சு, டீச்சர் யார்ட்டயும் "எந்த ஸ்டாப்பு, எந்த ஸ்டாப்பு"ன்னு கேக்க வேண்டி வரல.

ஆனா இறங்குற இடத்துல வரிசையா கார், ஆட்டோ, இளநி வண்டி. டிரைவர் முயற்சி பண்ணாரு, நடைபாதையை ஒட்டிக் கொண்டு வந்து நிறுத்த முடியல. பலகையை நேரா ரோட்டுல இறக்க வேண்டியதாச்சு, சரிவு கூடிப்போச்சு, தம்பி முன்னாடி நின்னு மார்பால தாங்கிக்கிட்டான். எங்க ஊர்ல வாய்க்கால்ல எங்கனயாவது ஒரு இடத்துல கரை உடைஞ்சா கடைசி வயலுக்குத் தண்ணி வராது, மேல மடை எவ்வளவு பெருசாத் திறந்துருந்தாலும் சரி. இந்த ஊர்லயும் அப்படித்தான் இருக்கு. பஸ்ஸை மாத்துனது ஒரு துறை, நடைபாதை இன்னொரு துறை, கரண்ட் பெட்டி வேற ஒரு துறை, பார்க்கிங்கப் பாக்குறது போலீஸ். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையைச் செய்யுறாங்க, வீட்டு வாசல்ல இருந்து போய்ச் சேர்ற இடம் வரைக்கும் யாரும் சேர்ந்தாப்புல பாக்க மாட்டேங்காங்க.

இன்னொண்ணு. 2021 ஜூலையில இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல எங்களுக்கும் துணைக்கு வர்றவங்களுக்கும் டிக்கெட் இல்ல. நல்ல திட்டம், டீச்சரெல்லாம் தெனம் அதுலதான் பள்ளிக்கூடம் போறாங்க. ஆனா எங்க ஊர்ப் பக்கம் ஓடுற டவுன் பஸ் படியில என்னால ஏற முடியாது, அதனால எனக்கு அந்தத் திட்டம் இன்னும் வந்து சேரல. தாழ்தளப் பஸ் சென்னைக்கு மட்டும் போதாது.

மத்தியானம் கோட்டூர்புரம், அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15ல திறந்தது. பிரெய்ல் பிரிவு தரைத்தளத்துலயே இருக்கு, இது பெரிய விஷயம், எத்தனையோ இடத்துல எங்களுக்கான பிரிவை மாடியில வச்சிருப்பாங்க. டீச்சர் உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. விரலை ஓட்டிக்கிட்டே வாய்க்குள்ள முணுமுணுத்துப் படிக்காங்க, நடுநடுவுல சிரிக்காங்க. நாங்க ரெண்டு பேரும் சும்மா பாத்துக்கிட்டே இருந்தோம்.

சாயங்காலம் காமராஜர் சாலையில மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் வித்யாசாகர் நிறுவனமும் சேர்ந்து உண்டாக்குனது. வித்யாசாகர் 1985ல இருந்து சென்னையில வேலை செய்யுற அமைப்பு. இங்க சமையல், படிப்பு, வேலை, விளையாட்டுன்னு எல்லாத்துக்கும் உதவுற கருவிகளைத் தொட்டுப் பாக்கலாம், எடுத்துப் பழகலாம். தம்பி சமையல்கட்டு மேடை முன்னாடி நின்னவன்தான். அடியில முட்டி போற மாதிரி இடம் விட்டு மேடை கட்டுனா வீல்சேர்ல உக்காந்தபடியே சமைக்கலாம்ங்கிறது அவனுக்குத் தோணவே இல்லையாம். இத்தனை வீடு கட்டியிருக்கான், நம்ம வீட்டையும் சேத்து. டேப்பை எடுத்து உசரத்தை அளந்து போன்ல குறிச்சுக்கிட்டான். அங்க காபிக்கடையில வேலை பாக்குறவங்களும் மாற்றுத்திறனாளிகள்தான், காபி நல்லா இருந்துச்சு.

ஞாயிறு, மெரினா

இன்னிக்கு நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

கடல் நான் பாத்திருக்கேன், ரோட்டுல இருந்து. திருச்செந்தூர்லயும் கன்னியாகுமரியிலயும் எல்லாரும் இறங்கிப் போயிருவாங்க, நான் செருப்பையும் பையையும் பாத்துக்கிட்டு வேன் பக்கத்துலயே இருப்பேன். மணல்ல வீல்சேர் சக்கரம் புதைஞ்சுரும், ஒரு முழம் கூட நகராது.

மெரினாவுல விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மரப்பாதை போட்டுருக்காங்க. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1.14 கோடி ரூபாய், 2022 நவம்பர் 27 அன்னிக்குத் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷம் டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிக் கொஞ்ச நாளைக்குத் தற்காலிகப் பாதை போட்டு அப்புறம் எடுத்துருவாங்க. வருஷத்துல சில நாள் மட்டும் கடல் எங்களுக்கு, மத்த நாள் கெடையாது. நிரந்தரமா வேணும்னு சென்னையில உள்ள மாற்றுத்திறனாளி அமைப்புங்க விடாமக் கேட்டுக் கேட்டு வந்ததுதான் இந்தப் பாதை. திறந்து ரெண்டு வாரம் கூட ஆகல, டிசம்பர்ல மாண்டஸ் புயல் அடிச்சு முன்பக்கம் உடைஞ்சு போச்சு. அப்ப நெறையப் பேரு பணத்தை மணல்ல கொட்டியாச்சுன்னு எழுதுனாங்க, நான் வீட்டுல படுத்துக்கிட்டு போன்ல அதைப் படிச்சு அழுதேன். புயல்ல ரோடு உடைஞ்சா பணம் வேஸ்ட்டுன்னு யாரும் சொல்றதில்ல, திரும்பப் போடுவாங்க. இதையும் சரி பண்ணித் திறந்தாங்க. இன்னிக்கு நான் அதுல போனேன்.

காலையில வெயில் ஏறதுக்கு முன்னாடியே போயிட்டோம். பாதை வாசல்ல வண்டி எதுவும் நிக்கல, நல்ல வேளை. தம்பி பின்னாடி கைப்பிடியைப் பிடிக்க வந்தான், அவனை டீச்சர் கூட அனுப்பிட்டு நானே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டுப் போனேன். மரப்பலகை மேல சக்கரம் ஓடும்போது தடதடன்னு ஒரு சத்தம் வரும், முதுகு வரைக்கும் அது தெரியும். ரெண்டு பக்கமும் மணல், கைப்பிடிக் கம்பி, முன்னாடி கடல் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகுது. நடுவுல நின்னு நின்னு போனேன், கை வலிக்குதுன்னு இல்ல, சீக்கிரம் முடிஞ்சுரக் கூடாதுன்னு.

டீச்சர் கைப்பிடியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு குச்சியை மடக்கிப் பையில வச்சுட்டாங்க. தம்பி கையையும் விட்டுட்டாங்க. நேர் பாதை, ஓரத்துல கம்பி, குழி கிடையாது, வண்டி கிடையாது. வேகமா நடக்காங்க, நான் டீச்சரை அவ்வளவு வேகத்துல நடந்து பாத்ததே இல்ல. பாதை முடியிற மேடையில வந்து நின்னதும், "சத்தம் காதுக்கு நேரா வருதுட்டி, ரோட்டுல நின்னா அது பஸ் சத்தத்துக்கு அடியில எங்கயோதான் கேக்கும்"ன்னாங்க. உப்புக் காத்து மூஞ்சில அடிச்சுச்சு. மேடையில இருந்து அலைக்கு இன்னும் கொஞ்சம் மணல் இருக்கு. தண்ணியில கால் நனைக்கணும்னா அந்தத் தூரத்தையும் கடக்க அகலச் சக்கரம் வச்ச வீல்சேர் வேணும். தம்பி தூக்கிட்டுப் போறேன்னான். வேண்டாம்னுட்டேன். தம்பி ஒரு பாட்டில்ல கடல் தண்ணி மொண்டுட்டு வந்து என் கால்ல ஊத்துனான், எனக்கு அங்க உணர்ச்சி கிடையாது, ஆனாலும் ஊத்துல இன்னும் கொஞ்சம் ஊத்துலன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

அங்க எங்களை மாதிரி இன்னும் சில பேரு வந்திருந்தாங்க. வயசான ஐயா ஒருத்தரை மக கூட்டிட்டு வந்திருந்தா, பக்கவாதமாம். அப்பாவைக் கடல் பக்கத்துல கூட்டிட்டு வர்றது எத்தனையோ வருஷம் கழிச்சு இப்பத்தான்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல எங்க தொகை 11.79 லட்சம். அந்த ஐயா மாதிரி முதுமையில நடை விட்டுப் போனவங்களை எல்லாம் அந்தக் கணக்குல ஒழுங்கா எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தோணல.

திங்கள், கல்யாணம்

முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சது, பொண்ணு அழகா இருந்தா. மண்டபம் பேரு சொல்லல. புது மண்டபம், ஏசி, வாசல்ல பெரிய செயற்கை அருவி. ஹால் தரைத்தளம், வாசல்ல ராம்ப் கூட இருந்துச்சு. சாப்பாட்டு ஹால் கீழ, படி மட்டும்தான். சமையல்காரங்க சாமான் ஏத்தி இறக்க ஒரு லிஃப்ட் இருக்கு, அதுல ஆளு ஏறக் கூடாதுன்னுட்டாங்க.

மாமா, "நீ இங்கயே இரும்மா, இலை போட்டுக் கொண்டாரச் சொல்லுதேன்"ன்னாரு, பாசமாத்தான் சொன்னாரு. கொண்டாந்தாங்க, எல்லாம் இருந்துச்சு, பாயசம் ரெண்டு தடவ வந்துச்சு. ஆனா கல்யாணத்துக்குப் போறது பந்தியில உக்காரத்தானே. பக்கத்து இலை சித்தி கூட ஊர்க்கதை பேசிக்கிட்டு, மோர் வேணுமா ரசம் வேணுமான்னு கேட்டு வாங்கி, அது ஒண்ணும் இல்லாம காலி சேர்களுக்கு நடுவுல ஒரு ஓரமா உக்காந்து சாப்பிட்டேன். டீச்சர் பந்திக்குப் போகல. "நீ இல்லாம நான் எதுக்குட்டி"ன்னு என் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல வந்தது, 2017 ஏப்ரல்ல அமலுக்கு வந்துருச்சு. அதுல 44ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, அணுகல் விதிப்படி, அதாவது எங்களாலயும் போய் வர முடியுற மாதிரி, பிளான் இல்லன்னா கட்டவே அனுமதி குடுக்கக் கூடாது, கட்டி முடிச்சாலும் விதிப்படி இல்லன்னா நிறைவுச் சான்று குடுக்கக் கூடாது. 45ஆம் பிரிவு, ஏற்கெனவே இருக்குற பொதுக் கட்டடத்தை எல்லாம் விதிகள் வந்ததுல இருந்து 5 வருஷத்துக்குள்ள மாத்தணும்னு சொல்லுது. விதிகள் வந்தது 2017 ஜூன், அப்ப கெடு 2022 ஜூன்லயே முடிஞ்சு போச்சு. 2024 நவம்பர் 8ல ராஜீவ் ரதூரி வழக்குல உச்சநீதிமன்றம், அணுகல் தரமெல்லாம் சும்மா பரிந்துரையா இருந்தாப் பத்தாது, கட்டாயமா இருக்கணும்னு சொல்லி அந்த 2017 விதிகள்ல உள்ள 15(1)ஐச் செல்லாதுன்னுட்டாங்க. சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கு. பிளானுக்குக் கையெழுத்துப் போடுற மேசையில அதை யாரு எடுத்துப் பாக்காங்கங்கிறதுதான் கேள்வி.

தம்பிகிட்ட கேட்டேன், ஏம்ல இப்படிக் கட்டுதீங்கன்னு. அவன் நேராச் சொன்னான்: "எக்கா, ராம்ப்ப கடைசியாத்தான் கேப்பாங்க. தரை, படி, கிரானைட் எல்லாம் முடிஞ்சு, சைட்ல மிச்சம் கெடக்குற இடத்துல ஒரு சறுக்கு போட்டு விடுன்னு ஓனர் சொல்லுவாரு. நாலடி இருந்தா நாலடி, ஆறடி இருந்தா ஆறடி." முதல்லயே பிளான்ல சேத்தா செலவு ஒண்ணும் பெருசா கூடாதாம். கட்டி முடிச்சு இடிச்சுச் சேக்குறதுதான் செலவு.

செவ்வாய், பாண்டி பஜார்

ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னாடி தி.நகர். பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல திறந்த நடைபாதை வளாகம் இருக்கு, அகலம்னா அவ்வளவு அகலம், வீல்சேர் ரெண்டு பக்கத்துல பக்கத்துல போகலாம். நடக்குறவங்களுக்கு முதலிடம்னு கொள்கை போட்டது சென்னை மாநகராட்சி, 2014லயே, இந்தியாவுலேயே முதல்ல. இந்த ஒரு தெருவைப் பாத்தா அது முடியும்னு தெரியுது. பக்கத்துத் தெருவுக்குள்ள திரும்புனாலே பழையபடி ரோட்டுலதான் போகணும்.

இங்க டீச்சருக்கு வேற ஒரு கஷ்டம். கடையில சேலை எடுத்தாங்க, கார்டு மெஷின்ல பழைய மாதிரி பட்டன் இல்ல, வழவழன்னு கண்ணாடி. பட்டன் மெஷின்ல 5 மேல ஒரு சின்னப் புள்ளி தடவினா தெரியும், அதை வச்சு அவங்களே ரகசிய நம்பரைப் போட்ருவாங்க. கண்ணாடியில என்ன தடவி என்ன, நம்பரைச் சத்தமாச் சொல்லுங்க மேடம் நான் போடுதேன்ங்கான் பையன். ரகசிய நம்பரை யாரு கடையில சத்தமாச் சொல்லுவா. காசாக் குடுத்துட்டாங்க, அதுக்கும் ரிசர்வ் வங்கியோட மணி ஆப்ல ஒவ்வொரு நோட்டையும் போன்ல காட்டி எத்தனை ரூபாய்னு கேட்டுக் கேட்டு எடுத்தாங்க, பின்னாடி வரிசையில நின்னவங்க ஒருத்தரும் முகம் சுளிக்கல. அவங்க கணக்கு வச்சிருக்குற வங்கி ஒண்ணுல கேஒய்சி, அதாவது ஆளு யாருன்னு சரிபாக்குறதுன்னு சொல்லி கேமராவைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லுச்சாம் ஆப்பு. 2025 ஏப்ரல் 30ல உச்சநீதிமன்றம் இதுக்கும் தீர்ப்புச் சொல்லிருச்சு, டிஜிட்டல் சேவை எட்டுறதும் வாழ்வுரிமையில சேர்ந்ததுதான், கண் சிமிட்டுறதுக்கு மாத்து வழி வைக்கணும்னு. டீச்சர் அந்தத் தீர்ப்பை போன்ல பிடிஎஃப்பா வச்சிருக்காங்க, வங்கிக்குப் போகும்போது காட்ட.

படியும் சரிவும் கண்ணுக்குத் தெரியுற தடை, அதனால அதைப் பத்தி நானே நெறைய எழுதிட்டேன். டீச்சரோட தடை போன் திரையில இருக்கு, கண்ணாடியில இருக்கு, பக்கத்துல நின்னாலும் மத்தவங்களுக்குத் தெரியாது. புதுசா ஒரு மெஷின் வர்றப்பவே பார்வை இல்லாத ஒருத்தரைக் கூப்பிட்டு உக்கார வச்சு, இதை நீங்க ஒரு தடவ அமுக்கிப் பாருங்கன்னு கேட்டா தீர்ந்துச்சு.

புதன், வீட்டுல இருந்து

திரும்பி வந்தாச்சு, ஏத்துனதும் இறக்குனதும் போன மாதிரியேதான். முதுகு வலி, கட்டில்ல படுத்துக்கிட்டே டைப் பண்ணுதேன். நாற்காலியில இருந்து கட்டிலுக்கு ஆள் துணை இல்லாம மாற நான் கத்துக்கிட்டது ஆய்க்குடி அமர்சேவா சங்கத்துல, 1981ல இருந்து எங்க பக்கத்துல இருக்குற மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு மையம். அங்க வளாகம் முழுக்க எங்க போனாலும் நாங்களே போய்க்கிடலாம். அதனாலதான் வெளிய இப்படி இருக்கும்போது இது முடியாத காரியம்னு யாரு சொன்னாலும் என்னால ஒத்துக்க முடியல.

2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துல ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறுச்சு, உள்ளாட்சி மன்றங்கள்ல மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா போடணும்னு. நகராட்சிக் கூட்டத்துல எங்க ஆளு ஒருத்தரு உக்காந்துருப்பாரு. அவரு கையில சும்மா "வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்"னு ஒரு மனு குடுத்தா அவரும் என்ன செய்வாரு, அளவோட குடுக்கணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அதனால இன்னிக்குச் சாயங்காலமே எங்க ஊர் கிளை நூலகத்துக்குத் தம்பி டேப்போட போனான்.

வாசல் உசரம் ரெண்டு அடி. அப்ப சரிவு 24 அடி வேணும். நேராப் போட்டா ரோட்டுக்கு வந்துரும், அதனால பக்கவாட்டுச் சுவரை ஒட்டிப் பன்னெண்டு அடி ஏறி, வீல்சேர் திரும்ப அஞ்சடிக்கு அஞ்சடி சமதளம் விட்டு, திரும்பிப் பன்னெண்டு அடி. அகலம் நாலடி, ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஆரம்பத்துலயும் முடிவுலயும் புள்ளி ஓடு. ரோட்டுல இருந்து ராம்ப் வரைக்கும் உள்ள மண்ணுப் பாதைக்கும் சேத்துக் கான்கிரீட், இல்லன்னா மழைக்கு ராம்ப் வரைக்கே வந்து சேர முடியாது. வேப்ப மரத்தை வெட்ட வேண்டாம், அதைத் தாண்டியே இடம் இருக்கு. தம்பி படம் வரைஞ்சு குடுத்துட்டான், செலவு எஸ்டிமேட் நாளைக்குப் போடுதான். டீச்சர் மனுவைச் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன். உங்க ஊர் நூலகம், ரேஷன் கடை, விஏஓ ஆபீஸ் வாசல் எத்தனை அடி உசரம்னு அளந்து எழுதுங்க, எத்தனை அடி சரிவு வேணும், எங்க திருப்பணும்னு தம்பி கணக்குப் போட்டுத் தர்றேன்ங்கான்.